பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பேசுவோம்: பழைய கலவை மெஷினுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

"அண்ணே, மெஷின் போயிருச்சு. எஞ்சினை இறக்கிரலாமா?" என்று போன் வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "பெல்ட்டைக் கழட்டிப் பாத்தியா தம்பி?" பெரும்பாலும் அந்தப் பக்கம் சத்தம் இருக்காது.

கலவை மெஷினை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது அந்த பெல்ட். ஒரு பக்கம் எஞ்சினோ மோட்டாரோ இருக்கும். மறுபக்கம் ஷாஃப்ட், அதிலுள்ள பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம், டிரம்மைச் சுற்றியிருக்கும் பெரிய பல்சக்கரம், டிரம். பெல்ட்டைக் கழற்றிய பிறகு எஞ்சின் சுகமாக ஓடினால் கோளாறு டிரம் பக்கம். டிரம் கைக்கு லேசாகச் சுற்றினால் கோளாறு எஞ்சின் பக்கம். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் எஞ்சினுக்கு பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றிவிட்டு, கடைசியில் பினியன் ஷாஃப்டின் பேரிங் பொடியாகிக் கிடந்ததைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் காசு போனதுதான்.

இங்கே சொல்வதெல்லாம் சைட்டில் 'ஒரு மூட்டை மெஷின்' என்று சொல்கிறோமே, கைச் சக்கரத்தைச் சுற்றி டிரம்மைச் சாய்த்துக் கொட்டுகிற வகை, அதற்கானது. உலர்ந்த பொருளாக 10 கன அடி போட்டால் கலவையாக 7 கன அடி வரும். அதனால் இதை 'பத்து-ஏழு' என்றும் சொல்வோம். லிட்டரில் 280-க்கு 200. ஐஎஸ் 1791 என்ற இந்தியத் தரக்குறிப்பில் இதற்கு '200டி' என்று பெயர். அரை மூட்டை மெஷினுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

பெல்ட்டைக் கழற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிரம்முக்குள் தலையையோ கையையோ விடும்போது பெல்ட் புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரத்தில்) இருக்கவே கூடாது. சுவிட்சை அணைத்துவிட்டேன் என்பதெல்லாம் கணக்கில் சேராது. "கரண்டு வந்துருச்சு" என்று யாராவது ஓடிப்போய் சுவிட்சைத் தட்டுகிற ஊர் இது.

டிரம் கனக்கிறது, கலவை பாதிதான் பிடிக்கிறது

பழைய மெஷினை வாங்கி வந்தவர்கள் முதலில் பார்ப்பது எஞ்சினை. நான் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது டிரம்முக்குள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 3 செ.மீ. கனத்துக்குக் கான்கிரீட் ஒட்டியிருந்தால் அதுவே 70 கிலோவைத் தாண்டும். டிரம்மின் உள்பரப்பு அதைவிடப் பெரியது. சாயங்காலம் கழுவாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும். பெல்ட், பேரிங், எஞ்சின் மூன்றும் அந்தப் பாரத்தைச் சும்மா சுமந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

எல்லோரும் செய்கிற தப்பு, வெளியிலிருந்து சம்மட்டியால் அடிப்பது. கல் கொஞ்சம் உதிரும், தகடு நசுங்கும். நசுங்கிய இடம் உள்ளே மேடாகும். அந்த மேட்டில்தான் அடுத்த கலவை முதலில் ஒட்டும். நசுங்கல் மேல் நசுங்கலாகப் பலாப்பழம் போல் ஆகிப்போன டிரம்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். பட்டை உளி மாட்டிய சின்ன பிரேக்கர் மெஷின் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உளியும் இரண்டு கிலோ சுத்தியலும். வாயிலிருந்து தொடங்கி, படலத்தின் ஓரத்தில் உளியைப் படுக்கவைத்து அடித்தால் அது தட்டுத் தட்டாகப் பெயரும். நேராகக் குத்தினால் பொடியாகும், தகடும் ஓட்டையாகும். பிளேடுகளுக்குப் பின்னால் இருக்கும் கல்தான் கடைசி வரை அடம்பிடிக்கும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

பெரிய கட்டிகள் போன பிறகு 40 எம்.எம். ஜல்லியைக் கால் டிரம் போட்டு, தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். மிச்சத்தை ஜல்லி தேய்த்து எடுத்துவிடும். ஆசிட்? மெல்லிய படலத்துக்கு மட்டும், நிறைய தண்ணீர் கலந்து, காற்றோட்டமான இடத்தில். அது சிமெண்டைத் தின்பது போலவே இரும்பையும் தின்னும். பேரிங் பக்கமோ பல்சக்கரத்திலோ வழிந்தால் பிறகு வருத்தப்படுவீர்கள்.

கலவை நடுவில் இருக்கும்போது மெஷின் நின்றுவிட்டால் என்ன செய்வது? முதலில் கையால் சாய்த்துக் கொட்டப் பாருங்கள். முடியவே இல்லையென்றால் சர்க்கரை. ஒரு மூட்டை சிமெண்ட் கிடந்தால் கால் கிலோ சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கையால் டிரம்மைச் சுற்றிக் கலந்துவிட்டால் சிமெண்ட் இறுகுவது வெகுவாகத் தள்ளிப்போகும். அந்தக் கலவை கட்டடத்துக்கு ஆகாது, அள்ளிக் கொட்டிவிட வேண்டியதுதான். சுண்ணாம்புச் சாந்தில் கருப்பட்டியும் கடுக்காயும் ஊற்றி உறுதி சேர்த்தார்கள் நம் கொத்தனார்களின் தாத்தாக்கள். அதே இனிப்பு சிமெண்டுக்கு ஆகாது. இறுகிப் போன பழைய கல்லின் மேல் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் எறும்புதான் வரும்.

'டக்... டக்...' என்று தட்டுகிறது

இதில்தான் காது வேலை செய்ய வேண்டும். டிரம்மில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காலி டிரம்மை ஓடவிட்டுத் தட்டலை எண்ணுங்கள்.

டிரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு ஒரு தட்டல் என்றால் கோளாறு பெரிய பல்சக்கரத்தில். ஒரு பல் உடைந்திருக்கும், அல்லது பல் இடுக்கில் ஜல்லி மாட்டியிருக்கும். இந்தப் பல்சக்கரம் பெரும்பாலும் ஒரே வளையமாக இருக்காது, வார்ப்பிரும்புத் துண்டுகளைப் போல்ட்டு போட்டு இணைத்திருப்பார்கள். போல்ட்டு தளர்ந்து இரண்டு துண்டுகளின் இணைப்பில் இடைவெளி விழுந்திருந்தாலும் இதே சத்தம்தான். ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை வேகமாகத் தட்டினால் பினியன். உதாரணமாகப் பெரிய சக்கரத்தில் 132 பல், பினியனில் 11 பல் என்றால் பினியனின் ஒரு பல் உடைந்ததற்கு டிரம் சுற்றுக்குச் சரியாக 12 தட்டல் வரும். எண்ணிக்கையே இல்லாமல் கரகரவென்று உறுமிக்கொண்டே இருந்தால் பேரிங்.

பெரிய சக்கரத்தில் ஒற்றைப் பல் போனால் பிழைக்கும். உடைந்த இடத்தைச் சுத்தமாக அரைத்து, இரண்டு மூன்று துளை போட்டு மரை வெட்டி ஸ்டட் (தலையில்லாத போல்ட்டு) முறுக்கி, அதன் மேல் நிக்கல் ராடால் பல்லைக் கட்டி எழுப்ப வேண்டும். வார்ப்பிரும்பு சூட்டை ஏற்றுக்கொள்ளாது. ஒரு அங்குலத்துக்கு மேல் ஒரே ஓட்டமாக வெல்டிங் இழுக்காதீர்கள். ஒரு இழுப்பு, உடனே சின்னச் சுத்தியலால் தட்டல், கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு அடுத்த இழுப்பு. முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது உங்கள் காசு. காய்ந்த மணலைப் போட்டு மூடிவிட்டு மறுநாள் பாருங்கள். நல்ல பல் ஒன்றின் வடிவத்தைத் தகரத்தில் வெட்டி வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்துவரும்வரை அரத்தால் ராவ வேண்டும். கேஸ் வெல்டிங்கில் பித்தளை ஏற்றுகிறவர் அக்கம்பக்கத்தில் இருந்தால் அதுவும் நல்ல வழிதான். அடுத்தடுத்து மூன்று பல் போயிருந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், அந்தத் துண்டையே மாற்றுங்கள்.

பினியனுக்கு வைத்தியமே வேண்டாம். பல் எண்ணிக்கையும் அளவும் கொடுத்து லேத்தில் புதிதாக வெட்டி வாங்குங்கள். பெரிய சக்கரத்தோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. மாட்டும்போது ஒரு இடத்தில் மட்டும் பல்லோடு பல் சேரும் கடியைப் பார்த்துவிட்டு போல்ட்டை இறுக்காதீர்கள். சாலிடர் கம்பித் துண்டைப் பல் இடுக்கில் கொடுத்து, டிரம்மைக் கையால் சுற்றி, நசுங்கி வந்த கனத்தைப் பாருங்கள். நான்கு திசையிலும் இதைச் செய்தால் சக்கரம் நடு மையத்தில் இருக்கிறதா, ஒருபக்கம் தள்ளியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மிக நெருங்குகிற இடத்தில்கூடப் பல்லின் நுனி எதிர்ப் பல்லின் அடியில் முட்டக் கூடாது.

அடுத்து நான் சொல்வதற்கு எங்கள் பட்டறையிலேயே எதிர்ப்பு உண்டு. திறந்து கிடக்கும் பல்சக்கரத்துக்கு கிரீஸ் போடாதீர்கள், பழைய எஞ்சின் ஆயிலும் ஊற்றாதீர்கள். சிமெண்டும் மணலும் பறக்கிற இடம் அது. கிரீஸில் மணல் ஒட்டினால் அரைக்கும் பசை தயார். வால்வு தேய்க்க அப்படி ஒரு பேஸ்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம், இங்கே அது இலவசமாகப் பல்லைத் தின்றுகொண்டிருக்கும். காய்ந்த பல் கொஞ்சம் சத்தம் போடும், போடட்டும். கிரீஸ் போக வேண்டிய இடம் நிப்பிள் உள்ள பேரிங்குகள். அங்கே கஞ்சத்தனம் கூடாது. பழைய கருப்பு கிரீஸ் வெளியே தள்ளப்பட்டுப் புதியது எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள்.

எஞ்சின் ஓடுகிறது, டிரம் நிற்கிறது

காலியாக ஓடி, பொருள் போட்டதும் நின்றால் பெல்ட் வழுக்குகிறது. எரிந்த ரப்பர் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். வி-பெல்ட் பள்ளத்தின் இரண்டு சாய்ந்த சுவர்களைத்தான் கவ்வ வேண்டும், அடியைத் தொடக் கூடாது. பள்ளத்தின் அடி கண்ணாடி போல் மின்னினால் புல்லி தேய்ந்து பெல்ட் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் புது பெல்ட் போட்டாலும் வழுக்கும், புல்லியைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு பெல்ட் ஓடும் மெஷினில் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண். புதியது இழுக்கும், பழையது சும்மா சுற்றும்.

பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, புல்லியும் சுற்றுகிறது, ஷாஃப்ட் மட்டும் நிற்கிறதா? புல்லியின் மையத்துக்கும் ஷாஃப்ட் முனைக்கும் சேர்த்து ஒரே கோடாக சாக்பீஸ் போட்டு ஓடவிடுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் உள்ளே புல்லியையும் ஷாஃப்டையும் பூட்டும் கீ என்ற இரும்புத் துண்டு வெட்டுப்பட்டிருக்கிறது. ஆணியைத் தட்டிச் சொருகி அன்றைய வேலையை ஓட்டுவார்கள். மறுநாள் கீ-பள்ளமே அகன்று, ஷாஃப்டோடு போகும்.

இரண்டும் இல்லையென்றால் மெஷின் மேல் தப்பில்லை, போடுகிறவர் மேல்தான். 50 கிலோ மூட்டை சிமெண்ட் சுமார் 35 லிட்டர், அதாவது ஒன்றேகால் கன அடி. சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவைக்கு ஏழு பங்கு, கூட்டினால் எட்டே முக்கால் கன அடி. பத்துக்குள் அடங்குகிறது. இதனால்தான் இது ஒரு மூட்டை மெஷின். 1:3:6 போட்டால் பன்னிரண்டரை கன அடி. பேஸ்மட்டத்துக்கு 1:4:8 போடும்போதும் முழு மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் பதினாறைத் தாண்டும். பெயரில் ஒரு மூட்டை இருக்கிறதே என்று எல்லாக் கலவைக்கும் ஒரு மூட்டை போட்டால் எந்த எஞ்சினும் திணறும். சைலன்சரில் கரும்புகை கக்கும். அதைப் பார்த்து, டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கும் உண்டு.

டீசல் எஞ்சின் கிளம்பவில்லை

ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். ஹேண்டில் திருப்பி அடித்தால் மணிக்கட்டு தப்பும்.

சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்துச் சுற்றும்போது நாசிலில் 'கிரீச்' என்ற சத்தம் வர வேண்டும். வந்தால் டீசல் உள்ளே போகிறது. வராவிட்டால் பெரும்பாலும் பைப்பில் காற்று. மாதக்கணக்கில் நின்ற மெஷினில் இது சகஜம். டேங்க் குழாயைத் திறந்து, ஃபில்டர் மேலிருக்கும் காற்று ஸ்குரூவைத் தளர்த்துங்கள். நுரை நின்று டீசல் கட்டியாக வழிந்ததும் மூடுங்கள். அடுத்து டீசல் பம்ப்பில் அதே வேலை, கடைசியாக நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டு. இந்த வரிசை மாறக் கூடாது. நாசில் பீய்ச்சுவதைக் கையை நீட்டிச் சோதிக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே ஊசி குத்தியது போல்தான் தெரியும், உள்ளே சதை அழுகும்.

கிரீச் சத்தம் வருகிறது, லீவரை விட்டாலும் ஹேண்டில் தடுக்காமல் சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன் இல்லை. சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். தடுத்தால் ரிங் தேய்மானம், அப்போதும் தடுக்காவிட்டால் வால்வு. சிமெண்ட் தூசியில் ஓடும் எஞ்சினுக்கு ரிங் சீக்கிரம் போவதற்குக் காரணம் ஏர் ஃபில்டர். ஆயில் தொட்டி வைத்த ஃபில்டர் என்றால் அந்த ஆயிலை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், பல மெஷின்களில் அது களிமண்ணாக இருக்கும்.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கிளம்பும்போது வரும் வெள்ளைப் புகை சூடானதும் போய்விட்டால் பயமில்லை.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

பெல்ட்டைக் கழற்றியும் உறுமினால், த்ரீ பேஸ் மோட்டாரில் ஒரு பேஸ் வரவில்லை, ஃபியூஸைப் பாருங்கள். சிங்கிள் பேஸில் கெப்பாசிட்டர். அணைத்த பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் இருக்கும், இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். பெல்ட் இல்லாமல் சுற்றி, மாட்டினால் உறுமுகிறது என்றால் ஒயரைப் பாருங்கள். 2 குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் கிளம்பும் நொடியில் 60 ஆம்பியர் வரை இழுக்கும். 50 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர எம்.எம். ஒயர் போட்டிருந்தால் அந்த நொடியில் 70 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். 230-ல் 160 கூட மிஞ்சாது. 4 சதுர எம்.எம். ஒயரில் இழப்பு 30-க்குள் அடங்கும். நல்ல மோட்டாரை ரீவைண்டிங்குக்குத் தூக்கிப்போவதற்கு முன் இதைச் சோதியுங்கள். ஈரத்தில் நிற்கிற மெஷின் இது. எர்த் ஒயர் இல்லாமல், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாமல் ஓட்டவே வேண்டாம்.

த்ரீ பேஸ் மோட்டாரைக் கழற்றி மாட்டிய பின் டிரம் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுங்கள்.

ஓடுகிறது, ஆனால் கலவை சேரவில்லை

மணல் ஒரு பக்கம், ஜல்லி ஒரு பக்கமாக வந்தால் சாக்பீஸ் கோட்டை மறுபடி எடுங்கள். ஒரு நிமிடத்தில் டிரம் எத்தனை சுற்று? 18 முதல் 20 வரை இருந்தால் சரி. பழைய மெஷினில் யாராவது எஞ்சினை மாற்றியிருப்பார்கள், புல்லியை மாற்றியிருக்க மாட்டார்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 42 சுற்றைத் தொட்டால், சுவரோடு ஒட்டிய கலவை உச்சிக்குப் போயும் கீழே விழாது, கூடவே சுற்றும். அதில் பாதிக்குக் கீழே இருந்தால்தான் தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டுக் கலக்கும். 1440 சுற்று மோட்டாரில் 4 அங்குல புல்லி, எதிரே 24 அங்குலம் என்றால் ஷாஃப்ட் 240. பல் விகிதம் பன்னிரண்டுக்கு ஒன்று, டிரம் 20. உங்கள் மெஷினின் பல்லையும் புல்லியையும் அளந்து இதே கணக்கைப் போடுங்கள்.

வேகம் சரி என்றால் பிளேடு. தேய்ந்து பாதி உயரமானது தூக்காது, தள்ளும். அதே வளைவில் புதுப் பட்டையை வைத்து வெல்டிங் செய்யலாம். பிளேடும் சரி என்றால் அவசரம்தான் காரணம். எல்லாப் பொருளும் உள்ளே போன பிறகு 2 நிமிடமாவது சுற்ற வேண்டும் என்று ஐஎஸ் 456 சொல்கிறது. கான்ட்ராக்டர் நிற்கும்போது மட்டும்தான் அது நடக்கிறது.

ஹாப்பர் வழுக்கி இறங்குகிறது

பொருளைத் தூக்கி டிரம்மில் கொட்டும் தொட்டியான ஹாப்பர் வைத்த மெஷினில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிரேக் பட்டையில் கிரீஸ் பட்டிருந்தால் துடைத்தால் போதாது, பட்டையை மாற்றுங்கள். வயர் ரோப்பில் இழைகள் நீட்டிக்கொண்டு கையில் குத்தினால் முடிச்சுப் போட்டு ஓட்டாமல் புதிது வாங்குங்கள். கிளாம்ப் மாட்டும்போது யு-போல்ட்டின் வளைவு ரோப்பின் குட்டை முனைப் பக்கம் வர வேண்டும், பாரம் தாங்குகிற பக்கத்தில் அடிக்கட்டை உட்கார வேண்டும். மாற்றி மாட்டினால் பாரம் தாங்கும் இழையையே அது நசுக்கும். தூக்கி நிறுத்திய ஹாப்பருக்குக் கீழே, கொக்கி மாட்டாமல், ஜல்லி அள்ளக்கூட யாரும் குனியக் கூடாது.

டிரம் ஒழுகுகிறது, பெயிண்டும் போய்விட்டது

ஓட்டையைச் சுற்றிலும் தகட்டைச் சுத்தியலின் முனையால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று செத்த சத்தம் வரும் இடம் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஒட்டுப் போட வேண்டும். துரு ஓரத்தில் வெல்டிங் நிற்காது, ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இரண்டு திறக்கும். ஒட்டை வெளிப்பக்கம் வைத்து, உள்ளே விளிம்பை அரைத்துச் சமமாக்குங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை டிரம்மிலேயே மாட்டுங்கள். சேஸிஸில் மாட்டினால் கரண்ட் பேரிங் குண்டுகள் வழியாகப் பாயும், குண்டுகளில் புள்ளி விழும். புது பேரிங் போட்ட ஒரு மாதத்தில் உறுமல் ஆரம்பித்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

வெளியே துருவைக் கப் பிரஷ்ஷால் எடுத்து, அன்றே ரெட் ஆக்சைடு, மறுநாள் எனாமல். பல்லுக்கும் புல்லி பள்ளத்துக்கும் டிரம்மின் உள்பக்கத்துக்கும் பெயிண்ட் வேண்டாம். உள்ளே அடித்தது முதல் கலவையிலேயே உரிந்து கான்கிரீட்டில் சேரும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் முதல் ஓட்டம் ஜல்லியும் தண்ணீரும்தான், ஒரு மணி நேரம். பிறகு நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, டிரம்மைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது இடறினால் பல்சக்கரத்தின் போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள். புது பெல்ட் அந்த ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் நீண்டிருக்கும். மோட்டார் தளத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்கிவிட்டு, பிறகு சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கலாம்.